ஒரு பக்கம் சத்தம் கம்மியா வர்ற பழைய ஸ்டீரியோ ரிசீவர்: சுத்தம் பண்றதா, ரீகேப் பண்றதா, மெக்கானிக்கிட்ட விடுறதா?

70கள்ல வந்த பயனியர், மராண்ட்ஸ், சான்சூயி, கென்வுட் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒண்ணா இருக்கிற பெட்டி) வீட்டுல வச்சிருக்கவங்களுக்கு என்னிக்காவது ஒரு நாள் இந்தப் பிரச்சனை வந்தே தீரும். இடது வலது ரெண்டு சேனலும் வேலை செய்யும், ஆனா ஒரு பக்கம் சத்தம் கம்மியா இருக்கும், பாடுறவங்க நடுவுல நிக்காம ஒரு ஓரமா ஒதுங்கின மாதிரி கேக்கும். யார்கிட்ட கேட்டாலும் ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்வாங்க. ஒருத்தர் ஸ்ப்ரே அடிங்கன்னு சொல்வார், இன்னொருத்தர் கண்டன்சர், அதாவது கெப்பாசிட்டர், எல்லாத்தையும் மாத்தி ரீகேப் பண்ணிடுங்கன்னு சொல்வார், மூணாவது ஆள் அதை வித்துட்டு புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்குங்கன்னு முடிச்சிடுவார். என் கட்சி என்னன்னா, எதை தேர்ந்தெடுக்கணும்ங்கிறது பழுது எந்த இடத்துல இருக்குங்கிறதை பொறுத்தது, அந்த இடத்தை கண்டுபிடிக்க பெருசா செலவே கிடையாது, அதை பண்ணாம இந்த வழிகள்ல எதுல இறங்கினாலும் காசும் போகும் செட்டும் கெடும்.

முதல்ல பழுது ரிசீவர்ல தான் இருக்கான்னு பாக்கணும். செட்டை ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் ஒயரை இடம் வலம் மாத்துங்க. சத்தம் கம்மி அதே ஸ்பீக்கர் கூடவே போச்சுன்னா பழுது ஸ்பீக்கர்லயோ ஒயர்லயோ தான், ரிசீவரை தொடவே வேணாம். கம்மி ரிசீவரோட அதே சேனல்ல நின்னுடுச்சுன்னா, அதாவது இப்போ இன்னொரு ஸ்பீக்கர் கம்மியா கேட்டா, அடுத்து வெளிய இருந்து பாட்டு கொடுக்குற ஆக்ஸ் இன்புட்ல இருக்கிற சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்னை மாத்தி சொருகுங்க, அப்போ கம்மி பக்கம் மாறினா பாட்டு வர்ற இடத்துல கோளாறு. ஃபோனோல (ரெக்கார்ட் பிளேயர் மாட்டுற இன்புட்) மட்டும் கம்மின்னா கார்ட்ரிட்ஜ் பின்னோ ஹெட்ஷெல் கான்டாக்டோ தான் பெரும்பாலும், அந்த கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றதே சில மில்லிவோல்ட் தான், கொஞ்சம் பச்சை பிடிச்சாலே போதும். எஃப்எம்ல மட்டும்னா அது டியூனர் பக்கம், வேற கதை. எல்லா இன்புட்லயும் ஒரே பக்கம் கம்மின்னா தான் கீழ சொல்றதெல்லாம்.

இன்னொண்ணு, வால்யூம் ரொம்ப கம்மியா வச்சிருக்கும்போது மட்டும் ஒரு பக்கம் குறையுது, ஏத்தினா சரியாயிடுதுன்னா உடனே பழுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்தக் காலத்து டபுள் கேங் வால்யூம் கன்ட்ரோல்ல, அதாவது ஒரே தண்டுல ரெண்டு சேனலுக்கும் ரெண்டு இருக்கிறதுல, ரெண்டு பாதியும் ஆரம்ப கோணத்துல ஒண்ணா ஓடாது, ரெண்டு மூணு டெசிபெல் வித்தியாசம் சகஜம். பேலன்ஸ் நாப் அதுக்காகவும் தான் வச்சிருக்காங்க, கொஞ்சம் திருப்பி வச்சுட்டு கேளுங்க. ஆனா பேலன்ஸை மூணு மணி பக்கம் வரைக்கும் திருப்பினா தான் நடுவுல வருதுன்னா அப்படியே ஓட்டுறது சரியான வழி இல்ல, ஏன்னா கான்டாக்ட் கெட்டுப்போறது தானா நிக்காது, போகப்போக விட்டு விட்டு வரும், கரகரன்னு கேக்கும், ஒரு நாள் அந்தப் பக்கம் மொத்தமா போயிடும்.

இப்போ ரிசீவருக்குள்ள எந்த பாதியில பழுதுன்னு பிரிக்கணும், வால்யூம், டோன் எல்லாம் இருக்கிற முன்பாதி ப்ரீ ஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டுற பின்பாதி பவர் ஆம்ப். மராண்ட்ஸ் 2230, 2245, 2270 மாதிரி செட்டுல பின்னாடி ப்ரீ அவுட் (ப்ரீ ஆம்ப்ல இருந்து வெளிய வர்ற இடம்), மெயின் இன் (பவர் ஆம்புக்குள்ள போற இடம்) ரெண்டையும் சேர்க்குற ஜம்பர் இருக்கும். ஆஃப் பண்ணிட்டு அதை கழட்டி, ரெண்டு சாதா ஆர்சிஏ கேபிளால இடது ப்ரீ அவுட்டை வலது மெயின் இன்னுக்கும் வலதை இடதுக்கும் குறுக்கா போடுங்க. கம்மி பக்கம் மாறிச்சுன்னா பழுது ப்ரீ ஆம்ப் பகுதி, மாறலைன்னா பவர் ஆம்ப், இல்லன்னா அதுக்கு அப்புறம் இருக்கிற ரிலே (ஸ்பீக்கரை தானா இணைக்கிற மின்சார சுவிட்ச்), ஸ்பீக்கர் சுவிட்ச். சில சமயம் அந்த ஜம்பரை கழட்டி மாட்டினதுமே சரியாயிடும், ஏன்னா நாப்பது அம்பது வருஷம் அசையாம கிடந்த உலோகம் அது, மேல கருப்பா படலம் கட்டியிருக்கும்.

ஜம்பர் இல்லாத செட்டுலயும் டேப் ரெக்கார்ட் அவுட் கண்டிப்பா இருக்கும். அது எந்த இன்புட்னு தேர்ந்தெடுக்கிற செலக்டருக்கு அப்புறம், வால்யூமுக்கும் டோனுக்கும் முன்னாடி வெளிய வர்ற இடம். அங்க ரெண்டு பக்கமும் சமமா வந்தா பழுது அதுக்கு அப்புறம் தான். இதுல நான் ரொம்ப நம்புற ஒரு சோதனை இருக்கு, ஒரு ஆர்சிஏ கேபிளை ரெக்கார்ட் அவுட்ல இருந்து அதே செட்டோட டேப் இன்னுக்கே போட்டு, செலக்டர் ஆக்ஸ்லயே இருக்கட்டும், டேப் இன்ல வர்றதை கேக்க வைக்கிற டேப் மானிட்டர் பட்டனை அழுத்துங்க. இப்போ சிக்னல் அந்த சுவிட்சோட இன்னொரு கான்டாக்ட் வழியா போகுது. கம்மியா இருந்த சேனல் உடனே உயிரோட வந்துச்சுன்னா டேப் மானிட்டர் சுவிட்ச் தான் அழுக்கு, கவரை கழட்டாமலே கண்டுபிடிச்சாச்சு.

அளந்து பாக்கணும்னா போன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 400 ஹெர்ட்ஸ் டோன் விடுங்க. 1000 வேணாம், விலை கம்மியான மல்டிமீட்டர்ல ஏசி அளவு 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் சரியா காட்டும்னு நிறைய மாடலோட கையேட்டுலயே போட்டிருக்கும். பேலன்ஸ் நடுவுல, டோன் கன்ட்ரோல் நடுவுல, ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல ஏசி வோல்ட் பாருங்க. ஒரு பக்கம் பாதி வோல்டேஜ்னா 6 டெசிபெல் குறைவு, அது காதுக்கு நல்லாவே தெரியும். ஸ்டீரியோ செட்டுல இருக்கிற பெரிய வசதி இது தான், நல்லா இருக்கிற சேனல் பக்கத்துலயே இருக்கு, எந்த இடத்துல எவ்வளவு வரணும்னு அதுவே சொல்லிடும்.

இனி வழிகள். சுத்தம் பண்றது தான் முதல் வழி, என் கணக்குல பெரும்பாலான கேஸ் இங்கயே முடிஞ்சுடும். டேப் மானிட்டர், மோனோ சுவிட்ச், லவுட்னஸ், ஃபில்டர், வால்யூம், பேலன்ஸ், ஸ்பீக்கர் ஏ பி சுவிட்ச், இது எல்லாமே சிக்னல் போற பாதையில வரிசையா உக்காந்திருக்கிற கான்டாக்ட், இதுல ஒண்ணு மங்கினாலும் அந்தப் பக்கம் குறையும். பிளக்கை பிடுங்கி வச்சுட்டு ஒவ்வொரு சுவிட்சையும் இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்க, நாபை ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடி வரைக்கும் திருப்புங்க. அதுல கொஞ்சமாவது மாற்றம் தெரிஞ்சா கவரை கழட்டி கான்டாக்ட் கிளீனர் போடுறதுல அர்த்தம் இருக்கு. டீஆக்ஸிட் டி5 நல்லது, ஆனா நம்ம ஊர்ல விலை ஜாஸ்தி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல கிடைக்கிற எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் எதுவா இருந்தாலும் பிளாஸ்டிக்கை தின்னாதுன்னு டப்பாவுல போட்டிருக்கான்னு பாத்து வாங்கினா சுவிட்சுக்கு போதும். சாதா டபிள்யூ டி 40 நீல டப்பா வேணவே வேணாம், அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுட்டு போகும், அதுல தூசி ஒட்டும், வால்யூம் கன்ட்ரோலுக்குள்ள இருக்கிற கிரீஸையும் கரைச்சு விட்டுடும், அப்புறம் அந்த கனமான திருப்பல் போயிடும்.

ஸ்ப்ரே எங்க போகணும்ங்கிறது முக்கியம். வால்யூம் கன்ட்ரோல்ல காலு வெளிய வர்ற பக்கத்துல ஒரு சின்ன சந்து இருக்கும், அதுக்குள்ள குழாயை வச்சு லேசா ஒரு தடவை, அவ்வளவு தான், வெளிய அடிச்சா பிரயோஜனமே இல்ல. டியூனிங் கெப்பாசிட்டர் தகடுங்க மேல பட்டுடக்கூடாது, டயல் கண்ணாடிக்கு பின்னாடி இருக்கிற எழுத்து மேலயும் படக்கூடாது, அந்த எழுத்து கையோட வந்துடும், திரும்ப கிடைக்காது. இன்னொரு எச்சரிக்கை, பவர் ஆம்ப் போர்டுல ஸ்க்ரூட்ரைவர்ல திருப்புற சின்ன ட்ரிம்மர் இருக்கும், பயாஸ், அதாவது பாட்டு இல்லாதப்பவும் டிரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட்டை, செட் பண்றது, அதை சும்மா சுத்தம் பண்றேன்னு திருப்பாதீங்க. அது உள்ள துருப்பிடிச்சு ஒரு இடத்துல கான்டாக்ட் விட்டுச்சுன்னா நிறைய சர்க்யூட்ல பயாஸ் கரண்ட் எகிறும், அவுட்புட் டிரான்சிஸ்டர் சில நொடியில காலி. கம்மியா கேட்ட சேனல் அதுக்கப்புறம் சுத்தமா கேக்காது.

சுத்தம் பண்ணியும் போகலைன்னா அடுத்து நான் பாக்குறது ஸ்பீக்கர் ரிலே. ஆன் பண்ணின சில நொடி கழிச்சு டக்குன்னு ஒரு சத்தம் வருமே அது தான். இதோட குணம் தனியா தெரியும்: மெதுவா வச்சா ஒரு பக்கம் கம்மியா மந்தமா இருக்கும், வால்யூமை நல்லா ஏத்தினா திடீர்னு முழு சத்தமும் வந்துடும், அப்புறம் குறைச்சாலும் கொஞ்ச நேரம் நல்லாவே பாடும், மறுநாள் ஆன் பண்ணினா பழையபடி. உள்ள கான்டாக்ட் மேல படலம் இருக்கு, அதிக கரண்ட் போகும்போது அதை கிழிச்சுக்கிட்டு போகுது, அதனால தான். தெரிஞ்சவர் ஒருத்தரோட அப்பா 80கள்ல வளைகுடாவுல வேலை பாத்துட்டு வரும்போது கொண்டு வந்த பயனியர் எஸ்எக்ஸ்-780 இப்படித்தான் இருந்துச்சு. ஐசி போச்சு, இது இப்ப கிடைக்காதுன்னு ஒரு கடையில சொல்லி அனுப்பிட்டாங்க, அந்த செட்டுல அவுட்புட்டுக்கு எஸ்டிகே-0050ங்கிற பவர் ஐசி இருக்கிறதால எஸ்டிகேன்னாலே சந்தேகம் அங்க போயிடுது. பாட்டு ஓடும்போது ரிலே கான்டாக்டோட ரெண்டு முனைக்கும் நடுவுல மீட்டரை வச்சோம், நல்ல பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம், கம்மி பக்கம் தெளிவா ஏசி வோல்ட் காட்டுச்சு. மூடியிருக்கிற கான்டாக்டுக்கு குறுக்க வோல்ட் நின்னா அது சரியா மூடலைன்னு அர்த்தம். எஸ்டிகே நல்லாவே இருந்துச்சு.

ரிலேயை சுத்தம் பண்றதா புதுசு போடுறதான்னு கேட்டா, புதுசு. சுத்தம் பண்ணணும்னா மூடியை கழட்டி, விசிட்டிங் கார்டு மாதிரி கெட்டி காகிதத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு கான்டாக்ட் நடுவுல விட்டு, லேசா அழுத்தி இழுக்கணும், காகிதத்துல கருப்பு கோடு வர்றது கண்ணுக்கே தெரியும். உப்புத்தாள் போட்டா மேல இருக்கிற பூச்சு போயிடும், அப்புறம் சீக்கிரமே திரும்ப கருக்கும். சுத்தம் பண்ணினது சில மாசமோ சில வருஷமோ தாங்கும், ஆனா புது ரிலே ஒண்ணும் பெரிய விலை இல்ல, காயில் வோல்டேஜும் காயில் ரெசிஸ்டன்ஸும் பழசோட ஒத்துப்போகணும், ரெண்டு சேனலுக்கும் ரெண்டு செட் கான்டாக்ட் இருக்கணும், கால் இடம் ஒத்துவரணும், அவ்வளவு தான் பாக்கணும். மராண்ட்ஸ் 2230 மாதிரி சில செட்டுல டிசியை தடுக்க ஸ்பீக்கருக்கு போற வழியில பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரே (உள்ள திரவம் இருக்கிற, வயசானா வத்திப்போற வகை) இருக்கும், அதுல ஒண்ணு வத்திப்போனா அந்தப் பக்கம் பேஸ் தான் முதல்ல மெலியும்.

இந்த பேஸ் விஷயத்தை கவனிச்சு கேளுங்க, நிறைய சொல்லிக் குடுக்கும். எல்லாம் சமமா கம்மியா, சுத்தமா கேட்டா கான்டாக்டோ ரெசிஸ்டரோ. கம்மியும் கிழிஞ்ச மாதிரியும் கேட்டா டிரான்சிஸ்டர் நிலை எதுலயோ கோளாறு. பேஸ் மட்டும் போயிருந்தா கெப்பாசிட்டர். பவர் ஆம்ப்ல ஃபீட்பேக் பாதையில தரைக்கு போற ஒரு சின்ன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் நிறைய டிசைன்ல உண்டு, இதைப் பத்தி அதிகம் பேர் பேசுறதில்ல. ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்கணும்ங்கிறதை ரெண்டு ரெசிஸ்டர் தீர்மானிக்குது, பொதுவா முப்பது மடங்கு பக்கத்துல இருக்கும், அதுல ஒரு ரெசிஸ்டர் இந்த கெப்பாசிட்டர் வழியா தான் தரையை தொடுது. இது வத்த வத்த பேஸ்ல பெருக்கம் குறையும், மொத்தமா திறந்துக்கிச்சுன்னா பெருக்கம் ஒரு மடங்குக்கு வந்துடும், சத்தம் தூரத்து ரேடியோ மாதிரி ஆனா ரொம்ப சுத்தமா கேக்கும், டிசி எல்லாம் சரியா இருக்கும், எந்த டிரான்சிஸ்டரும் கெட்டிருக்காது. சில ரூபாய் பொருள். அளந்து தேடினவங்களுக்கு தான் இது மாட்டும்.

அப்படி ஒரே ஒரு பார்ட்டை தேடிப் பிடிக்கிறது மூணாவது வழி. சர்வீஸ் மேனுவல் வேணும், பெரும்பாலான ஜப்பான் செட்டுக்கு இணையத்துல கிடைக்குது. 400 ஹெர்ட்ஸ் டோனை விட்டு ரெண்டு சேனலையும் ஒவ்வொரு நிலையா ஒப்பிட்டுக்கிட்டே போகணும். எந்த இடத்துல வித்தியாசம் ஆரம்பிக்குதோ அங்க ஒரு கப்ளிங் கெப்பாசிட்டரோ, விட்டுப்போன சால்டரோ, டூ எஸ் சி 458 மாதிரி காலு கருத்துப்போன டிரான்சிஸ்டரோ இருக்கும். அந்த டிரான்சிஸ்டர் இரைச்சலுக்கு பேர்போனது, மாத்தும்போது புதுசோட கால் வரிசையை பாக்காம போடாதீங்க. சில பழைய சான்சூயி செட்டுல பெரிய பார்ட்டுகளை பிடிச்சு வைக்க ஊத்தின பசை பழுப்பா மாறி பக்கத்து காலையும் தடத்தையும் அரிச்சுடும், அது கண்ணாலயே தெரியும், சுரண்டி எடுத்தா தான் உண்டு.

இப்போ ரீகேப், அதாவது எல்லா எலக்ட்ரோலிடிக்கையும் மொத்தமா மாத்துறது. இதுல எனக்கு உறுதியான கருத்து இருக்கு: சேனல் கம்மிக்கு மருந்தா இதை பண்ணாதீங்க. ஒரு நடுத்தர ரிசீவர்ல கூட இந்த கெப்பாசிட்டர் டஜன் கணக்குல இருக்கும், அந்தக் காலத்து பழுப்பு போர்டுல சூடு கொஞ்சம் அதிகமானா செம்பு தடம் எழும்பிடும், ஒண்ணு தலைகீழா போட்டாலும் போச்சு, இவ்வளவும் பண்ணின பிறகு கம்மி அப்படியே இருந்தா பழுது பழசா புதுசான்னே தெரியாம நிப்பீங்க. காரணம் சுவிட்ச் அழுக்குன்னா எத்தனை நிச்சிக்கான் கம்பெனி கெப்பாசிட்டர் போட்டாலும் அது போகாது. முதல்ல பழுதை சரி பண்ணி செட் ரெண்டு பக்கமும் சமமா பாடட்டும், அப்புறம் பராமரிப்பா ரீகேப் பண்ணுங்க, போர்டு போர்டா, ஒரு போர்டு முடிச்சு ஆன் பண்ணி பாத்துட்டு அடுத்தது. பவர் சப்ளையில ஆரம்பிங்க. சிக்னல் பாதையில இருக்கிற 1 மைக்ரோஃபாரட் மாதிரி சின்னதுகளுக்கு ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டா திரும்ப வத்துற பிரச்சனையே கிடையாது.

நீங்களே கவரை கழட்டுறதா இருந்தா பாதுகாப்பு விஷயத்துல விளையாட்டே வேணாம். பிளக்கை பிடுங்கினதும் எல்லாம் முடிஞ்சுடாது, பயனியர் எஸ்எக்ஸ்-1250 மாதிரி பெரிய செட்டுல 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரே 4 இருக்கு, அதை வாட் தாங்குற ரெசிஸ்டர் வழியா தான் காலி பண்ணணும், ஸ்க்ரூட்ரைவரால சார்ட் பண்ணக்கூடாது. வேலை முடிஞ்சு முதல் தடவை ஆன் பண்ணும்போது லைன்ல ஒரு 60 இல்ல 100 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல போடுங்க, எல்.இ.டி. பல்பு உதவாது, குண்டு பல்பு பிரகாசமா எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஏதோ சார்ட், உடனே ஆஃப். ஸ்பீக்கரை மாட்டுறதுக்கு முன்னாடி டெர்மினல்ல டிசி பாருங்க, 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி, 100ஐ தாண்டினா ஸ்பீக்கரை மாட்டாதீங்க. வெளிநாட்டுல இருந்து வாங்கின செட்டுன்னா பின்னாடி வோல்டேஜ் பாத்துக்கோங்க, ஜப்பான் செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120 வோல்ட், நம்ம 230ல நேரா சொருகினா அப்புறம் சேனல் பத்தி பேச வேண்டிய தேவையே இருக்காது.

புது ஆம்ப் வாங்குற வழியையும் நேர்மையா சொல்லணும். தினமும் பாட்டு கேட்டே ஆகணும், சால்டரிங் அயர்ன் பழக்கம் இல்ல, பக்கத்துல நம்பிக்கையான ஆளும் இல்லன்னா அதுல தப்பே இல்ல. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு நடுவழி இருக்கு. பழுது பவர் ஆம்ப்ல தான்னு தெரிஞ்சு, அதுக்கு வேண்டிய எஸ்டிகே நம்பகமான இடத்துல கிடைக்கலைன்னா (போலி எஸ்டிகே சந்தையில ஏராளம், அதை போட்டு போர்டையும் கெடுத்துக்காதீங்க), ப்ரீ அவுட் இருக்கிற செட்டுல வெளிய ஒரு சின்ன பவர் ஆம்ப் வச்சு ஓட்டலாம். அந்த டயல் வெளிச்சம், அந்த வால்யூம் நாபோட கனம், ஃபோனோ ஸ்டேஜ் எல்லாம் அப்படியே இருக்கும். பழுது ப்ரீ ஆம்ப்லன்னா இதையே தலைகீழா, மெயின் இன்ல நேரா வேற ப்ரீ ஆம்பை கொடுக்கலாம். நல்ல பார்ட் கிடைக்கிற வரைக்கும் பாட்டு நிக்காது.

மெக்கானிக்கிட்ட கொடுக்குறதுன்னா ஆளைப் பொறுத்து தான் எல்லாமே. நம்ம ஊர்ல எஸ்டிகே போர்டு அசெம்பிள் பண்ணி பழகின நல்ல கைகாரங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க கையில சால்டர் சுத்தமா நிக்கும், ஆனா சிலருக்கு ஒரிஜினல் போர்டை தூக்கிட்டு புது போர்டு வச்சு பாட வைக்கிறது தான் ரிப்பேர். அது வேணாம்னு முதல்லயே வாயால சொல்லிடுங்க, பார்ட் மாத்தினா பழசை ஒரு கவர்ல போட்டு திருப்பிக் கொடுங்கன்னும் சொல்லுங்க, நல்ல ஆளுங்க இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க. சும்மா "லெஃப்ட் கம்மியா வருதுண்ணே"ன்னு சொல்லி விட்டுட்டு வராம, ஸ்பீக்கர் மாத்தி பாத்தாச்சு, ஆர்சிஏ மாத்தி பாத்தாச்சு, ரெக்கார்ட் அவுட்ல ரெண்டும் சமம், டேப் மானிட்டர் வழியா போனாலும் கம்மி தான், வால்யூம் ஏத்தினா சரியாகுது இல்ல ஆகலைன்னு ஒரு தாள்ல எழுதி செட்டு மேல ஒட்டிக் கொடுங்க. அவருக்கு தேடுற நேரம் பாதியா குறையும், "கண்டன்சர் எல்லாம் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்"னு ஆரம்பிச்சார்னா அந்த தாளை காட்டி, இதுல எந்த அளவை பாத்து அப்படி சொல்றீங்கன்னு கேளுங்க. ரிலேன்னோ சுவிட்ச்னோ ஒரு இடத்தை தொட்டு காட்டினார்னா செட்டை அவர்கிட்ட தைரியமா விட்டுட்டு வரலாம்.